கலெக்டருக்குத்தான் எழுதறீங்க, ஆனா படிக்கறது வேற ஆளு

வாசகி கேள்வி: ஐயா, வணக்கம். எங்க ஊர் ஏரி கலிங்குல இருந்து உபரித் தண்ணி போற ஓடைய, ஒருத்தர் மண்ணடிச்சு மேடாக்கி மாட்டுக்கொட்டகை போட்டுட்டார். மழை வந்தா தண்ணி போக வழியில்லாம எங்க தெருவுக்குள்ள புகுந்துடுது. திங்கக்கிழமை மனுநாள்ல கலெக்டர்கிட்ட நாலு பக்கத்துக்கு மனு எழுதிக் குடுத்தேன். பத்து நாள் கழிச்சு சுகாதாரத்துறைல இருந்து வந்து கொசு மருந்து அடிச்சாங்க, மனு முடிக்கப்பட்டதுன்னு மெசேஜ் வந்துடுச்சு. மறுபடி எழுதி முதல்வர், பிரதமர், மனித உரிமை ஆணையம்னு எல்லாருக்கும் நகல் போட்டேன். "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது"ன்னு ஒரு வரி பதில், அவ்வளவுதான். நான் எம்.ஏ. தமிழ் படிச்சவ, காலேஜ்ல கட்டுரைப் போட்டின்னா பரிசு எனக்குத்தான். என் எழுத்துல என்ன குறைன்னு தயவுசெஞ்சு சொல்லுங்க. மனுவோட காப்பிய இதோட வச்சு அனுப்பியிருக்கேன். நகல் யார் யாருக்குப் போடணும்னும் சொல்லுங்க.

பதில்:

வணக்கம்மா. மனுவ முழுசா படிச்சேன். தமிழ் ரொம்ப நல்லா இருக்கு, அத மொதல்லயே சொல்லிடறேன். குறள்ல ஆரம்பிச்சு, கரிகாலன் கல்லணைக்குப் போய், முன்னோர் ஏரி வெட்டின பெருமை எல்லாம் சொல்லி முடிக்கறப்போ முதல் பக்கம் முடிஞ்சிருக்கு. ரெண்டாவது பக்கம் தேங்கின தண்ணி, கொசு, டெங்கு பயம், உங்க அக்கா குழந்தைக்கு வந்த காய்ச்சல். மூணாவது பக்கம் அந்த கொட்டகைக்காரர் எந்தக் கட்சி, யாருக்கு வேண்டியவர், வி.ஏ.ஓ. எவ்வளவு வாங்கினார். நாலாவது பக்கத்துலதான் ஓடைங்கற வார்த்தையே வருது, அதுவும் கடைசில "தக்க நடவடிக்கை எடுத்து எங்கள் வாழ்வில் ஒளியேற்றுமாறு"ன்னு முடியுது. சர்வே நம்பர் எங்கயும் இல்ல.

கட்டுரைப் போட்டி நடுவர் படிச்சிருந்தா உங்களுக்குத்தான் பரிசு. நான் தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா சேர்ந்து துணை வட்டாட்சியரா ரிட்டயர் ஆனவன், இப்ப ஊர்க்காரங்களுக்கு மனு எழுதித் தர்றேன், அதனால அந்த நாலு பக்கம் எந்த எந்த மேஜைல உக்காந்து எழுந்து போயிருக்கும்னு எனக்கு கண்ணு முன்னாடி தெரியுது. அத சொல்றேன், உங்களுக்கே புரிஞ்சுடும்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல நூத்துக்கணக்கா ஜனம் நிக்கும். கலெக்டர் கைல மனுவ குடுக்கறீங்க, அவர் மேலாப்ல பாத்துட்டு பக்கத்துல நிக்கறவர்கிட்ட தர்றார், அதுக்கப்புறம் அது கம்ப்யூட்டர்ல ஏறணும். ஏத்தறது ஒரு பையனோ பொண்ணோ. முன்னாடி வரிசை நிக்குது, ஒரு மனுவுக்கு ஒரு நிமிஷம் கெடைச்சா அதிகம். அந்த ஒரு நிமிஷத்துல அவங்க பண்ண வேண்டியது ரெண்டே வேலை, இது எந்த துறை, என்ன விஷயம்னு செலக்ட் பண்ணணும். "பொருள்"னு போட்ட வரியப் பாப்பாங்க, அது "நீதி கேட்டு விண்ணப்பம்"னு இருந்தா (உங்களது அப்படித்தான் இருக்கு) கண்ணு கீழ போகும், பேப்பர புரட்டும், நடுவுல டெங்கு, கொசு, காய்ச்சல்னு தெரிஞ்சா பொது சுகாதாரம்னு போட்டு அடுத்த ஆள கூப்பிடுவாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். நீங்க எழுதினதுல பளிச்னு கண்ணுல பட்டது அதுதான். சுகாதாரத்துறையும் கேட்டத செஞ்சுட்டாங்க, புகை அடிச்சாங்க, மனுவ முடிச்சாங்க. அவங்க கணக்குல நீங்க திருப்தியான மனுதாரர்!

சரி, சரியான துறைக்கே போயிருந்தா? கலெக்டர் ஆபீஸ்ல இருந்து தாலுகா ஆபீஸ் வரும், அங்க தபால்ல பதிஞ்சு ஒரு செக்ஷன் கிளார்க்குக்கு போகும். அவர்கிட்ட தன்பதிவேடுன்னு ஒரு ரெஜிஸ்டர் இருக்கும், வர்ற ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நம்பர் போட்டு, யார்கிட்ட இருந்து வந்தது, என்ன பொருள்னு எழுதணும். இப்ப நெறைய கம்ப்யூட்டருக்கு மாறிடுச்சு, ஆனா வேலை அதேதான், பொருள் காலத்துல ரெண்டு வரி. நாலு பக்கத்த படிச்சு சுருக்கி ரெண்டு வரி ஆக்கற நேரமும் அவருக்கு இல்ல, ஆசையும் இல்ல. நீங்களே அந்த ரெண்டு வரிய எழுதிக் குடுத்தா அப்படியே பாத்து எழுதிடுவார். இந்த ஒண்ணு போதும்மா. உங்க வாக்கியம் அவரோட ரெஜிஸ்டர்ல, அப்புறம் அவர் எழுதற குறிப்புல, வட்டாட்சியர் கையெழுத்து போடற கடிதத்துல அப்படியே போய் உக்காரும். கோப்பு முழுக்க உங்க வார்த்தை ஓடும். பொருள் வரிய சும்மா விட்டீங்கன்னா, அவர் என்ன நெனச்சாரோ அதுதான் ஓடும்.

அங்க இருந்து "விசாரித்து அறிக்கை அனுப்பவும்"னு வருவாய் ஆய்வாளர், அதான் ஆர்.ஐ., வழியா வி.ஏ.ஓ.வுக்கு வரும். உங்க மனுவோட நெஜமான வாசகர் இவர்தான், ஏன்னா ஸ்பாட்டுக்கு போறது இவர், அறிக்கை எழுதறது இவர், மேல இருக்கறவங்க எல்லாரும் இவரு எழுதினத வச்சுத்தான் எழுதுவாங்க. இவர நெனச்சுப் பாருங்க. ஒரே ஆளு ரெண்டு கிராமம் கூடுதல் பொறுப்பு பாப்பார். கைல அ பதிவேடு (எந்த சர்வே நம்பர் என்ன வகை நெலம், யாரோடதுன்னு இருக்கற கணக்கு), அடங்கல் (பயிர்க் கணக்கு), கிராம வரைபடம், புலப்படம் (அந்தந்த சர்வே நம்பரோட அளவு வரைபடம்) இருக்கும். சர்வே நம்பர் குடுத்தா பதிவேட்ட திறந்த உடனே அது ஓடைப் புறம்போக்கா, வாய்க்காலா, யாராவது பட்டாவான்னு தெரிஞ்சுடும். "எங்கள் தெருவின் பின்புறம் பாயும் அந்த வற்றாத ஜீவநதி"ன்னு குடுத்தா அவர் என்ன பண்ணுவார், தெருவுக்கு வந்து விசாரிப்பார், விசாரிச்சா மொத கண்ணுல படறதே அந்த கொட்டகைக்காரராத்தான் இருப்பார், டீ வாங்கிக் குடுப்பார்.

அடுத்தது, அதே மனுல அந்த வி.ஏ.ஓ. காசு வாங்கினார்னு எழுதியிருக்கீங்க. நெஜமாவே இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்த மனு சுத்தி சுத்தி அறிக்கை கேட்டு அவர் கைக்கே வரும்மா. தன்னப் பத்தி இருக்கற பாராவ படிச்ச மனுஷன் ஓடையப் பத்தி உங்களுக்கு சாதகமா எழுதுவாரா? லஞ்சப் புகார் தனி, அதுக்கு லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கு, கோட்டாட்சியர் இருக்கார், ஆதாரத்தோட அவங்களுக்கு தனியா எழுதுங்க. ஓடை மனுல ஒரு வார்த்தை வேணாம்.

இன்னொரு வாசகர் இருக்கார், அவர யாரும் யோசிக்கறதே இல்ல. நாளைக்கு இது எதுவும் நடக்காம ஹைகோர்ட் போறீங்கன்னு வைங்க, சென்னையோ மதுரை கிளையோ. ரிட் போட்டா பெரும்பாலும் என்ன உத்தரவு வரும்னா, மனுதாரர் இந்தத் தேதில குடுத்த மனுவ சட்டப்படி பரிசீலிச்சு இத்தனை வாரத்துக்குள்ள முடிவெடுங்கன்னு வரும். அப்ப அந்த மனுல என்ன கேட்டிருக்கீங்களோ அதுக்குத்தான் அதிகாரி பதில் சொல்லணும். "ஒளியேற்றுங்கள்"னு கேட்டிருந்தா அவர் எதுக்கு பதில் சொல்றது? வக்கீல் தலைல கைய வச்சிக்குவார். அதனால தேதி, யாருக்கு எழுதினீங்க, கேட்டது என்ன, மூணும் சுத்தமா இருக்கணும், அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு ஜட்ஜ் படிச்சாலும் புரியணும்.

கேட்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. படிக்கறவர் கைல என்ன அதிகாரம் இருக்கோ அதக் கேளுங்க. "ஆக்கிரமிப்பாளரைக் கைது செய்க"ன்னு எழுதியிருக்கீங்க, வட்டாட்சியர் அத எப்படிம்மா பண்ணுவார். அவர் பண்ணக் கூடியது, சர்வேயர விட்டு அளந்து எல்லை காட்டச் சொல்றது, ஆக்கிரமிப்பு இருந்தா 1905ஆம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் குடுக்கறது. மொதல்ல அந்தச் சட்டத்தோட 7ஆம் பிரிவு நோட்டீஸ், ஏன் அகற்றக்கூடாதுன்னு விளக்கம் கேட்டு. அதுக்கப்புறம் 6ஆம் பிரிவு நோட்டீஸ், காலி பண்ணுன்னு. ஆபீஸ்ல எல்லாரும் "செவன் குடுத்தாச்சா, சிக்ஸ் குடுத்தாச்சா"ன்னுதான் பேசிக்குவாங்க. வி.ஏ.ஓ. பி மெமோ எழுதியிருக்காரான்னும் ஒரு கேள்வி வரும், ஆக்கிரமிப்ப கணக்குல கொண்டு வர்ற தாள் அது. நீங்க சட்டத்த கரைச்சு குடிக்க வேணாம், ஆனா மொதல் படி அளக்கறதுன்னு தெரிஞ்சு அத கேட்டீங்கன்னா, படிக்கற கிளார்க்குக்கு அடுத்து என்ன எழுதணும்னு உடனே தோணும், சர்வேயருக்கு ஒரு கடிதம். இல்லன்னா கைல வச்சுட்டு யோசிப்பார், யோசிச்சா அது கட்டுக்கு அடிக்கு போயிடும்.

எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துல உங்க மாவட்டம், வட்டம், கிராமம் போட்டு சர்வே நம்பர் குடுத்தா அ பதிவேட்டு விவரம் வரும், புலப்படமும் எடுக்கலாம், காசு கெடயாது. ஓடையோட நம்பர் தெரியலன்னா அது பக்கத்துல இருக்கற உங்க சொந்தக்காரங்க பட்டாவ எடுத்து, அந்த நம்பரோட புலப்படத்துல பாருங்க, பக்கத்து புல நம்பர்கள் எழுதியிருக்கும், அங்க இருந்து புடிச்சிடலாம். பதிவேட்டுல ஓடைன்னு இருந்தா ஒரு பிரிண்ட் எடுத்து மனுவோட பின் பண்ணுங்க. இல்ல, பட்டா நெலம்னு இருந்ததுன்னா கேஸே வேற, அப்ப எனக்கு திரும்ப எழுதுங்க.

உங்க மனுவ நான் எழுதினா எப்படி இருக்கும்னு கீழ போடறேன். நம்பர் எல்லாம் சும்மா போட்டது, உங்களோடத மாத்திக்கோங்க.

"பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள், வட்டாட்சியர் அலுவலகம்.

பொருள்: ......... கிராமம், சர்வே எண் 214/2 – ஓடைப் புறம்போக்கு – ஆக்கிரமிப்பால் நீர்வழி அடைபட்டுள்ளது – நில அளவை செய்து ஆக்கிரமிப்பை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, எங்கள் கிராமத்து ஏரியின் கலிங்கிலிருந்து உபரி நீர் செல்லும் ஓடை மேற்கண்ட சர்வே எண்ணில் உள்ளது. கிராம அ பதிவேட்டில் இது ஓடைப் புறம்போக்கு என்று உள்ளது (நகல் இணைப்பு 1). இந்த ஓடையில், சர்வே எண் 213க்குத் தெற்கே, சுமார் 40 அடி நீளத்துக்கு மண் கொட்டி மாட்டுக்கொட்டகை கட்டப்பட்டுள்ளது (புகைப்படம், இணைப்பு 2). இதனால் கடந்த வடகிழக்குப் பருவமழையின்போது உபரி நீர் கிழக்குத் தெருவில் புகுந்து வீடுகளில் தேங்கியது (புகைப்படம், இணைப்பு 3).

எனவே, 1. மேற்படி சர்வே எண்ணை நில அளவர் மூலம் அளந்து எல்லை காட்டவும், 2. ஆக்கிரமிப்பு இருப்பின் சட்டப்படி அகற்றி நீர்வழியை மீட்டுத் தரவும் கேட்டுக்கொள்கிறோம்."

கீழ கையெழுத்துங்க, செல் நம்பர், தேதி. முடிஞ்சது. ஒரு பக்கம் கூட வரல பாத்தீங்களா. அந்த பொருள் வரில நடுவுல நடுவுல கோடு போட்டு எழுதினது ஏன்னா, ஆபீஸ் கடிதத்துல பொருள் அப்படித்தான் இருக்கும், கிளார்க்குக்கு கண்ணு பழகினது அது. கொட்டகைக்காரர் பேரு எங்கயும் போடல, கவனிச்சீங்களா? போடணும்னா போடலாம், ஆனா அளந்தா யாரோடதுன்னு தானா வந்துடப் போகுது. பேரு போடாததுல இன்னொரு லாபம் கையெழுத்து. நீங்க தனியா போட்ட மனுவ விட தெருவே சேந்து போட்ட மனுவுக்கு மதிப்பு ஜாஸ்தி, ஆனா தெருவுல பாதி பேருக்கு அவர் மாமன் மச்சானா இருப்பார். திட்டி எழுதின காகிதத்துல ஒருத்தரும் கையெழுத்து போட மாட்டாங்க. "ஓடைய அளந்து விடுங்க"ன்னு இருக்கற காகிதத்துல போடுவாங்க, அவரே கேட்டாலும் "அளக்கத்தானே சொன்னோம்"னு சொல்லிக்கலாம். அதனால திண்ணைல வச்சு சத்தமா படிச்சு காட்டி அப்புறம் கையெழுத்து வாங்குங்க, அவங்களும் இந்த மனுவோட வாசகர்தான், மொத வாசகர்.

உங்களுக்கு இப்ப கோவம் வரும், அப்ப குழந்தைக்கு வந்த காய்ச்சல், நாங்க ராத்திரி பூரா கட்டில் மேல உக்காந்திருந்தது எல்லாம் பொய்யான்னு. இல்லம்மா. உங்க மனுலயே எனக்கு மனசுல நின்னது அந்த பாராதான், அரிசி மூட்டைய பரண்ல ஏத்திட்டு பாட்டிய எங்க ஏத்தறதுன்னு தெரியாம நின்னோம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது. அத தூக்கிப் போடாதீங்க. அதுக்கு வேற வாசகர் இருக்கார். உங்க மாவட்டப் பக்கத்துக்கு செய்தி குடுக்கற நிருபர்கிட்ட சர்வே நம்பரோட போனீங்கன்னா தூங்கிடுவார், பாட்டிய பத்தி சொன்னா நோட்டை எடுப்பார். கூடவே தண்ணி நின்னப்போ எடுத்த போட்டோ இருந்தா போதும். அவருக்கும் கரிகாலன் வேணாம், அது எனக்கு உறுதியா தெரியும்.

ஏரிய பத்தி ஒரு சின்ன விஷயம். உங்க ஏரி ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணி பாயற நெலம், 40 ஹெக்டேருக்கு மேலன்னா நீர்வளத்துறை பராமரிப்பு, அதாவது பழைய பி.டபிள்யூ.டி., கம்மின்னா ஊராட்சி ஒன்றியம். ஆக்கிரமிப்ப எடுத்தப்புறம் ஓடைய தூர்வார்றது அவங்க வேலை. அதனால அவங்களுக்கு ஒரு நகல் போடறது நல்லது. எதுன்னு வி.ஏ.ஓ.வ கேட்டாலே சொல்லிடுவார்.

மனு குடுத்து ஒண்ணும் நகரலன்னா ஆர்.டி.ஐ., அதான் தகவல் உரிமைச் சட்ட மனு, போடுங்க, ஆனா அங்கயும் படிக்கறவர் யாருன்னு பாத்து எழுதணும். நெறைய பேரு "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை? மக்கள் மீது அக்கறை இல்லையா?"ன்னு ஆர்.டி.ஐ.ல கேக்கறாங்க. பொதுத் தகவல் அலுவலர் கோப்புல என்ன இருக்கோ அதத்தான் குடுக்க முடியும், 2005ஆம் வருஷ சட்டமே அப்படித்தான், ஏன்ங்கற கேள்விக்கு "தகவல் என்ற வரையறைக்குள் வராது"ன்னு ஒரே வரில முடிச்சிடுவார், சந்தோஷமா முடிச்சிடுவார். அதனால காகிதத்த கேளுங்க. என் இந்தத் தேதி மனு மேல வி.ஏ.ஓ. அனுப்பின அறிக்கை நகல், கோப்போட குறிப்புப் பக்கங்கள் நகல், சர்வே எண் 214/2க்கு போட்ட பி மெமோ நகல், குடுத்திருந்தா 7ஆம் பிரிவு, 6ஆம் பிரிவு நோட்டீஸ் நகல். இப்படி கேட்டா ஒண்ணு காகிதம் வரும், இல்ல "அப்படி எதுவும் இல்லை"ன்னு எழுத்துல வரும், ரெண்டுமே உங்களுக்கு ஆயுதம். பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், காரணம் சொல்ல வேண்டியதில்ல, 30 நாள்ல பதில் வரணும். வரலன்னா அதுக்கப்புறம் 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. தப்பான ஆபீஸுக்கு போட்டுட்டா 5 நாள்ல அவங்களே சரியான எடத்துக்கு மாத்தி அனுப்பணும்.

எப்ப குடுக்கறதுங்கறதும் முக்கியம். ஐப்பசில தண்ணி முழங்காலுக்கு நிக்கறப்போ ஓடைய அளக்க சொன்னா சர்வேயர் சங்கிலிய எங்க வைப்பார். காஞ்ச நாள்ல குடுங்க. மே, ஜூன்ல பெரும்பாலும் ஜமாபந்தி வரும், கிராம கணக்க எல்லாம் வருஷா வருஷம் சரிபாக்கறது, வருவாய் தீர்வாயம்னு பேப்பர்ல போடுவாங்க, உங்க ஃபிர்க்காவுக்கு, அதாவது உங்க ஆர்.ஐ. பாக்கற கிராமங்களுக்கு, எந்தத் தேதின்னு தாலுகா ஆபீஸ்லயே ஒட்டியிருப்பாங்க. அன்னிக்கு ஜமாபந்தி அலுவலர் முன்னாடி வட்டாட்சியர், ஆர்.ஐ., வி.ஏ.ஓ., சர்வேயர் எல்லாரும் கிராம கணக்கோட ஒரே ஹால்ல உக்காந்திருப்பாங்க. திங்கக்கிழமை மனு பத்து மேஜை சுத்தி போற தூரம் அங்க நாலு நாற்காலி தள்ளித்தான். பதிவேடும் கைல இருக்கும். மனுவ நீட்டினா அங்கயே வி.ஏ.ஓ.வ கூப்பிட்டு "214/2 என்னய்யா?"ன்னு கேட்டாலும் கேப்பாங்க, அவர் பக்கத்த புரட்டி பதில் சொல்லியாகணும். என்னக் கேட்டா ஓடை, பாதை, சுடுகாடு மாதிரி விஷயத்துக்கு அத விட நல்ல நாள் கெடயாது. மத்தபடி திங்கக்கிழமை மனுநாளும் இருக்கு, முதல்வர் ஹெல்ப்லைன் 1100க்கு போன் பண்ணியும் பதியலாம். எதுல போட்டாலும் ரசீது நம்பர எழுதி வச்சுக்கோங்க, அடுத்த மனுல "பார்வை"ன்னு போட்டு அந்த நம்பரையும் தேதியையும் குடுக்கணும், அப்பதான் பழைய கோப்போட சேரும். இல்லன்னா ஒவ்வொண்ணும் புது மனுவா போய் ஒவ்வொரு மூலைல கெடக்கும்.

கடைசியா நகல் கேட்டிருந்தீங்க. பிரதமருக்கு போட்டாலும் அது டெல்லில இருந்து சென்னை, சென்னைல இருந்து கலெக்டர், கலெக்டர்ல இருந்து அதே தாலுகா கிளார்க் மேஜைக்குத்தான் வரும், அவருக்கு அதே விஷயத்துக்கு நாலு பதில் எழுதற வேலை, அந்த எரிச்சல்ல நாலுக்கும் ஒரே வரிதான் எழுதுவார். வட்டாட்சியருக்கு மனு, கோட்டாட்சியருக்கு ஒரு நகல், ஏரி யாரோடதோ அந்த துறைக்கு ஒரு நகல். உங்களுக்குன்னு இன்னொரு காப்பி கைல எடுத்துட்டு போய், தபால் செக்ஷன்ல தேதியோட சீல் போட்டு வாங்கிக்கோங்க. சீல் குடுக்க மாட்டேன்னா தகராறு பண்ணாம வெளில வந்து ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு, டெலிவரி ஆன பக்கத்த பிரிண்ட் எடுத்து அந்த காப்பியோட சேத்து குத்தி வைங்க.